10⁻⁴ என்று அறிவிக்கும் முன்: பி.இ.ஓ. கலவைப் படலங்களைச் செய்வதும் சந்தேகிப்பதும்

லித்தியம் மின்கலத்தில் திரவ மின்பகுளிக்குப் பதிலாக வைப்பதற்காக, பாலிஎத்திலீன் ஆக்சைடையும் (பி.இ.ஓ.) லித்தியம் உப்பையும் சேர்த்துச் செய்த படலத்தில் பீங்கான் தூளைக் கலந்தால் அறை வெப்பநிலைக் கடத்துத்திறன் பத்து மடங்கு கூடுகிறது, நூறு மடங்கு கூடுகிறது என்று கட்டுரை கட்டுரையாகப் படிக்கிறோம். செய்து பார்த்தால் படலம் 10⁻⁴ சீமன்ஸ்/செ.மீ. காட்டவும் செய்யும். அந்த அயனிகள் எதன் வழியாக ஓடின? பாலிமரா, பீங்கானா, காயாமல் தங்கிய கரைப்பான் அசிட்டோநைட்ரைலா, காற்றிலிருந்து குடித்த தண்ணீரா? இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத் தடை) வரைபடத்தில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கலவைப் படலத்துக்கும் ஜோடியாக, தூள் சேர்க்காத வெறும் படலம் ஒன்றை அதே நாளில், அதே கரைப்பான் பாட்டிலிலிருந்து, அதே அடுப்பில் செய்துவிட வேண்டும். இரண்டையும் முதல் நாள் ஒருமுறையும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் அளக்க வேண்டும். இதைச் செய்யாத எந்த "மேம்பாட்டையும்" நம்புவதற்கில்லை. பி.இ.ஓ., லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பு, எல்.எல்.இசட்.டி.ஓ. என்னும் கார்னெட் பீங்கான் ஆகிய மூன்றை வைத்து, அந்த ஜோடிப் படலத்தை ஒழுங்காகச் செய்வது எப்படி, அதில் எதெல்லாம் ஏமாற்றும் என்று பார்க்கலாம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில், கடத்துத்திறன் எல்லாம் சீமன்ஸ்/செ.மீ. அலகில்.

கொஞ்சம் பின்னணி

ஃபென்டன், பார்க்கர், ரைட் மூவரும் 1973-இல் பி.இ.ஓ. கார உலோக உப்புகளைக் கரைத்துப் பிடித்துக்கொள்வதைச் சொன்னார்கள். பாலிமர்ச் சங்கிலியிலுள்ள ஈதர் ஆக்சிஜன்கள் லித்தியத்தைச் சூழ்ந்து பிடிக்கும். சங்கிலித் துண்டுகள் அசைய அசைய, அயனி ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு மாறும். இந்த ஓட்டம் பெரும்பாலும் படிகமாகாத பகுதியில்தான் நடக்கிறது என்பதை 1983-இல் பெர்த்தியே குழுவினர் அணுக்காந்த ஒத்ததிர்வு மூலம் காட்டினார்கள். பி.இ.ஓ. 65 டிகிரிக்கு அருகில் உருகும். அதற்குக் கீழே பெரும்பகுதி படிகமாகிவிடுவதால் அறை வெப்பநிலையில் 10⁻⁶ முதல் 10⁻⁵ வரைதான் கிடைக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் சில 10⁻⁴, 80-இல் 10⁻³ அருகே. பாரீசில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இருந்த பொல்லோரே மின்கலம் இந்த வகைதான். அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்ததன் காரணமும் இதுதான்.

1982-இல் வெஸ்டனும் ஸ்டீலும் அலுமினாவைச் சேர்த்தது முதன்மையாகப் படலத்துக்கு வலு வேண்டி. கடத்துத்திறனுக்காக நானோ தூள் என்ற எண்ணத்தைப் பிரபலமாக்கியது 1998-இல் குரோச்சே, ஸ்க்ரோசாட்டி குழு: டைட்டானியா அல்லது அலுமினா 10 சதவீதம் கலந்து, 30 டிகிரியில் 10⁻⁵ அளவும் 50 டிகிரியில் 10⁻⁴ அளவும் பெற்றார்கள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதைவிடப் பத்து மடங்கு அதிகமாக ஒருவர் சொன்னால், அதற்குப் பத்து மடங்கு ஆதாரம் கேட்கலாம்.

கார்னெட் 2007-இல் வந்தது. லித்தியம் லாந்தனம் சிர்க்கோனேட் 25 டிகிரியில் 3×10⁻⁴ தருகிறது என்ற கட்டுரையை எழுதியவர்கள் முருகன், தங்கதுரை, வெப்னர். முதலாமவர் புதுச்சேரிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் ராமசாமி முருகன். இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது சிர்க்கோனியத்தில் ஒரு பகுதியை டான்டலம் பிடித்த வடிவம், எல்.எல்.இசட்.டி.ஓ.

எடைச் சதவீதம் எப்படி ஏமாற்றுகிறது

எல்.எல்.இசட்.டி.ஓ. அடர்த்தி ஏறக்குறைய 5.3 கிராம்/க.செ.மீ.; பி.இ.ஓ.-உப்புக் கலவைக்கு 1.25 என்று வைத்துக்கொள்ளலாம். 10 எடைச் சதவீதம் தூள் என்றால் கன அளவில் அது 2.5 சதவீதம் மட்டுமே. 50 எடைச் சதவீதத்தில்கூட 19 கனச் சதவீதம்தான் வருகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியான பாதை அமைய உருண்டைத் துகள்களுக்கு 30 கனச் சதவீதம் அளவு வேண்டும். அதற்கு 64 எடைச் சதவீதத்துக்கு மேல் போக வேண்டும்.

இப்போது மேக்ஸ்வெல்லின் பழைய சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். நன்றாகப் பரவிய உருண்டைகளின் கடத்துத்திறன் எல்லையற்றது என்றே வைத்துக்கொண்டாலும், கலவையின் கடத்துத்திறன் வெறும் பாலிமரைப் போல (1+2φ)/(1−φ) மடங்குதான் ஆகும். φ என்பது கனப் பின்னம். φ 0.025 என்றால் விடை 1.08. அதாவது 10 எடைச் சதவீதத்தில் கார்னெட் தன் சொந்தக் கடத்தலால் கொடுக்கக்கூடிய உச்ச லாபம் எட்டு சதவீதம்! பத்து மடங்கு கூடியிருந்தால் அது கார்னெட்டுக்குள் ஓடிய அயனிகளால் வந்ததல்ல. ஒன்று, தூள் பாலிமரைப் படிகமாகாமல் தடுத்திருக்க வேண்டும். அல்லது தூளின் மேற்பரப்பு உப்பின் எதிரயனியைப் பிடித்து லித்தியத்தை விடுவித்திருக்க வேண்டும். அல்லது ஏதோ ஈரம் உள்ளே இருக்கிறது.

முதலிரண்டு வேலைகளுக்கு விலையுயர்ந்த கார்னெட் தேவையே இல்லை. அவற்றை நானோ அலுமினாவும், கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள புகைச் சிலிக்காவும் செய்யும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள அமிலத் தன்மையான இடங்கள் எதிரயனியையும் ஈதர் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்வதால் சங்கிலிகள் அடுக்கில் ஒழுங்காகச் சேர்வது தடைபடுகிறது. ஆகவே குறைந்த அளவில் கார்னெட் சேர்ப்பவர்கள், அதே கன அளவு அலுமினா சேர்த்த மூன்றாவது படலம் ஒன்றையும் செய்து ஒப்பிட்டால்தான் "செயல்படும் நிரப்பி" (தானும் அயனி கடத்தும் தூள்) என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கும்.

அதிக அளவில் சேர்த்தால் பாதை பீங்கானுக்குள் போகும் என்பது ஐசோடோப் தடம் பிடித்துக் காட்டப்பட்டிருக்கிறது. லித்தியம்-6 மின்முனைகளுக்கு நடுவே வைத்து மின்னோட்டம் செலுத்தியபின், லித்தியம்-6 பாலிமரில் ஏறியிருக்கிறதா கார்னெட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. ஆனால் பாதை மாறியதாலேயே கடத்துத்திறன் கூடிவிடும் என்று நினைக்கக்கூடாது. துகளுக்குத் துகள் தொடும் புள்ளி சிறியது, சூளையில் சுட்டுப் பிணைத்த வில்லையில் இருக்கும் கழுத்து இங்கே கிடையாது, பாலிமரிலிருந்து கார்னெட்டுக்குள் அயனி நுழையும் இடத்திலும் பெரிய தடை உண்டு. 50 சதவீதத்தைத் தாண்டிய பல படலங்களில் கடத்துத்திறன் இறங்குவது அதனால்தான்.

எடை போடுதல், உலர்த்துதல்

ஈதர் ஆக்சிஜனுக்கும் லித்தியத்துக்கும் விகிதம் 18:1 என்று எடுத்துக்கொள்வோம். பி.இ.ஓ.வின் ஓர் அலகு 44.05, உப்பின் மூலக்கூறு எடை 287.1. ஒரு கிராம் பி.இ.ஓ.வில் 22.7 மில்லிமோல் ஆக்சிஜன்; அதை 18-ஆல் வகுத்தால் 1.261 மில்லிமோல், உப்பு 0.362 கிராம். மொத்தம் 1.362. இதில் தூள் முழுப் படலத்தின் 10 சதவீதமாக வேண்டுமென்றால் 0.151 கிராம். பலர் பாலிமரின் எடைக்கு 10 சதவீதம் என்று 0.1 கிராம் போட்டுவிட்டு அதே "10 சதவீதம்" என்று எழுதுகிறார்கள். எதைக் கொண்டு வகுத்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது நல்லது. விகிதத்தை 10:1 அருகே கொண்டுபோனால் உப்பே படிகமாவதைத் தடுக்கும், அறை வெப்பநிலை எண் நன்றாக இருக்கும். ஆனால் படலம் ஒட்டும், கண்ணாடி நிலைமாறும் வெப்பநிலை (அதற்குக் கீழே சங்கிலி அசைவு உறைந்துவிடும்) ஏறுவதால் சூடான நிலையில் பெரிய லாபம் இல்லை.

பி.இ.ஓ. மூலக்கூறு எடை 6 லட்சம் வசதியானது. 50 லட்சம் வகை வலுவான படலம் தரும், ஆனால் கரைப்பதற்குள் பொறுமை போய்விடும். பி.இ.ஓ.வை 50 டிகிரியில் வெற்றிட அடுப்பில் 48 மணி நேரம் வைக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் தூள் ஒட்டிக் கட்டியாகிவிடும். உப்பு 120 டிகிரி, வெற்றிடம், 24 மணி. புகைச் சிலிக்காவையோ அலுமினாவையோ வெறும் 80 டிகிரியில் வைத்து எடுத்தால் மேற்பரப்பு நீர் போகாது. அலுமினாவை 300 டிகிரிக்கு மேலும், சிலிக்காவைக் குறைந்தது 150-இல் வெற்றிடத்திலும் ஒரு நாள் வைத்து, சூடு ஆறுவதற்குள் குளோவ் பாக்ஸுக்குள் (ஈரமில்லாத வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி) கொண்டுபோய்விட வேண்டும். நானோ தூளில் நீர் தங்கினால், "தூள் சேர்த்ததால் கடத்துத்திறன் கூடியது" என்ற முடிவு சரியாகத்தான் இருக்கும், காரணம்தான் தவறாகப் போகும்.

லித்தியம் பெர்குளோரேட் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது வலுவான ஆக்சிஜனேற்றி. கரிமப் பொருளோடு சேர்த்து உலர்நிலையில் அதிகம் சூடாக்குவதோ உலோக உரலில் அரைப்பதோ வேண்டாம்.

கரைத்து ஊற்றுதல்

ஒரு கிராம் பி.இ.ஓ.வுக்கு 25 மி.லி. நீரற்ற அசிட்டோநைட்ரைல். முதலில் உப்பைக் கரைத்து, அதில் எல்.எல்.இசட்.டி.ஓ. தூளைப் போட்டு, இந்த நிலையிலேயே அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி வைத்துக் கட்டிகளை உடைத்துவிட வேண்டும். பாலிமர் சேர்த்தபின் ஒலியால் அடித்தால் நீண்ட சங்கிலிகள் அறுபடும்; படலம் மென்மையாகிக் கடத்துத்திறனும் சற்றுக் கூடும், அதையும் தூளின் கணக்கில் எழுதிவிடுவோம். பி.இ.ஓ.வை உப்புமாவுக்கு ரவை தூவுவது போலச் சுழலும் கரைசலில் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஜெல்லும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டிகள் நிற்கும். 40 டிகிரி, நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று, ஒரு நாள். அசிட்டோநைட்ரைல் நைட்ரைல் கையுறைகளைச் சீக்கிரமே ஊடுருவும். ப்யூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும், நல்ல புகைபோக்கியும் வேண்டும்.

7 செ.மீ. விட்டமுள்ள டெஃப்லான் தட்டில் 10 மி.லி. ஊற்றினால் உலர்ந்தபின் ஏறக்குறைய 110 மைக்ரான் படலம் வரும். தட்டு மட்டமாக இருக்கிறதா என்று குமிழ்மட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மேலே லேசாக மூடி, அறை வெப்பநிலையில் மெல்ல உலர விட வேண்டும். அவசரப்பட்டு 60 டிகிரியில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடியிலுள்ள கரைப்பான் குமிழாகக் கிளம்பும். அந்த ஊசித்துளைகளில்தான் பிறகு லித்தியம் நூல் (மின்முனையிலிருந்து வளர்ந்து படலத்தைத் துளைக்கும் உலோக இழை) முளைக்கும்.

மெல்ல உலர்த்துவதில் வேறு சிக்கல்: 5.3 அடர்த்தியுள்ள தூள் அடியில் படியும். படலத்தின் இரண்டு பக்கத்தையும் எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்த்தால் தட்டைத் தொட்ட பக்கம் கார்னெட் செறிவாகவும் காற்றைப் பார்த்த பக்கம் கிட்டத்தட்ட வெறும் பாலிமராகவும் இருப்பது மிகச் சாதாரணம். துகளை ஒரு மைக்ரானுக்குக் கீழே அரைத்துக்கொள்வதும், கரைப்பானைக் குறைத்துக் கரைசலைக் கெட்டியாக்கிக் கத்தியால் இழுத்துப் பரப்புவதும் இதைக் குறைக்கும். முழுவதும் போகாவிட்டால், எந்தப் பக்கம் லித்தியத்தைப் பார்க்கிறது என்பதையாவது எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி வைக்கலாம்.

மேலோட்டமாகக் காய்ந்தபின் 50 முதல் 55 டிகிரியில் வெற்றிடத்தில் 48 மணி. மணியை நம்பாமல் எடையை நம்புங்கள்: ஆறு மணிக்கொருமுறை எடை பார்த்து, மாற்றம் 0.1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. அதன்பின் எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 2253 செ.மீ.⁻¹ சுற்றுப்புறத்தைப் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் அசிட்டோநைட்ரைல் இன்னும் உள்ளே இருக்கிறது. லித்தியத்தோடு பிணைந்த மூலக்கூறின் மேடு இருபது எண் அளவு மேலே தள்ளித் தெரியும்; அதுதான் போக மறுப்பது. தூளின் பரப்பும் கரைப்பானைப் பிடித்துக்கொள்ளும். வெறும் படலம் காய்ந்த நேரத்தில் கலவைப் படலம் காய்ந்திருக்காது. தங்கிய நைட்ரைல் கடத்துத்திறனை ஏற்றிக் காட்டிவிட்டு, செல்லில் லித்தியத்தோடு வினைபுரிந்து இடைமுகத் தடையை நாளுக்கு நாள் வளர்க்கும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்றால் கரைப்பானே இல்லாத வழி உண்டு. மூன்று தூள்களையும் குளோவ் பாக்ஸுக்குள் உரலில் கலந்து, மூடிய பையில் 100 டிகிரியில் இரவு முழுதும் வைத்து, பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே 100 டிகிரியில் அழுத்திப் படலமாக்குவது. சீரான கலப்புக்கு இரண்டு மூன்று முறை மடித்து மடித்து அழுத்த வேண்டும். கரைத்து ஊற்றிய படலத்தின் எண்ணும் சூட்டில் அழுத்திய படலத்தின் எண்ணும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம்.

பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடீன் ஃபுளோரைடு) பாலிமர் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. எல்.எல்.இசட்.டி.ஓ. காரத்தன்மை உடையது. அதை டி.எம்.எஃப். கரைப்பானில் பி.வி.டி.எஃப்.போடு கலந்தால் கரைசல் பழுப்பாக மாறும். சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு கழன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டாவதன் நிறம் அது. அந்தக் குடும்பப் படலங்களில் கடத்தலின் பெரும்பகுதியைச் செய்வது லித்தியத்தோடு பிணைந்து உள்ளே தங்கும் டி.எம்.எஃப். தான். "திண்ம" மின்பகுளி என்று பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

கார்னெட்டின் தோல்

எல்.எல்.இசட்.டி.ஓ. தூள் காற்றைப் பார்த்தவுடன் அதன் லித்தியத்தில் கொஞ்சம் வெளியேறி நீரின் புரோட்டான் உள்ளே போகும். வெளிவந்தது லித்தியம் ஹைட்ராக்சைடாகி, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து லித்தியம் கார்பனேட்டாகும். தோல் மெல்லியதாக இருக்கும்போது எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) காட்டாது, ராமன் நிறமாலையில் 1090 செ.மீ.⁻¹ கோடு காட்டிக்கொடுக்கும். கார்பனேட் அயனியை அநேகமாகக் கடத்தாது. ஆகவே கார்னெட் போட்டும் பாலிமர் பார்ப்பது கார்பனேட்டைத்தான்.

தூளை ஆர்கானில் 700 டிகிரிக்குச் சூடாக்கினால், சிறிது கார்பன் சேர்த்துச் சூடாக்கினால் இன்னும் நன்றாக, இந்தத் தோல் போகும். மெக்னீசியா மூசை நல்லது. 900-ஐத் தாண்டிப் போனால் லித்தியமே ஆவியாகத் தொடங்கும். சுத்தம் செய்த தூளை வெளியே எடுக்காமல் அப்படியே குளோவ் பாக்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். துகளைச் சிறிதாக்க ஐசோபுரோப்பனாலில் அரைப்பவர்கள், ஆல்கஹாலின் புரோட்டானும் அதே பரிமாற்றத்தைச் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். அரைத்துவிட்டுப் பிறகு சூடாக்குவதே சரியான வரிசை.

அளக்கும்போது

16 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வட்டுகளுக்கு நடுவே வைத்து, 10 மில்லிவோல்ட், 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 ஹெர்ட்ஸ் வரை. 100 மைக்ரான் படலம், பரப்பு 2.01 ச.செ.மீ., தடை 50 ஓம் என்றால் 0.01/(50×2.01), அதாவது 10⁻⁴. எளிய கணக்கு, ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது தடிமன். அறை வெப்பநிலையில் 100 மைக்ரான் இருந்த படலம் காயின் செல்லின் சுருள்வில் அழுத்தத்தில் 80 டிகிரியில் பிதுங்கி 50 மைக்ரானாகலாம். கடத்துத்திறன் இரண்டு மடங்காகத் தெரியும். தூள் சேர்த்த படலம் இறுக்கமானதால் அவ்வளவு பிதுங்காது, ஒப்பீடு அந்தப் பக்கமும் கோணலாகிவிடும். நடுவில் 10 மி.மீ. துளையுள்ள, தடிமன் தெரிந்த டெஃப்லான் வளையத்துக்குள் படலத்தை வையுங்கள். அப்போது பரப்பு துளையின் 0.785 ச.செ.மீ.தான், வட்டின் 2.01 அல்ல. சோதனை முடிந்தபின் செல்லைப் பிரித்துத் தடிமனை மறுபடி அளந்துவிடுவதும் நல்லது.

இரண்டாவது கம்பித் தடை. 80 டிகிரியில் 2 ச.செ.மீ. படலத்தின் தடை 5 ஓம்தான். கம்பியும் பிடிப்பானும் 1 ஓம் சேர்த்தால் இருபது சதவீதப் பிழை. வட்டுகளை நேராக முட்டவைத்து அளந்து கழித்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: காலம். 80 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கிய பி.இ.ஓ. உடனே படிகமாகாது. உப்பு கலந்ததில் அது நாட்கணக்கில், சிலவற்றில் வாரக்கணக்கில் நடக்கும். இறக்கிய ஒரு மணிக்குள் 30 டிகிரியில் அளந்தால் பாதி உருகிய நிலையின் எண்ணைத்தான் பெறுகிறோம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு மணி நேரம் நிறுத்தி ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து, பிறகு 25 டிகிரியில் விட்டுவைத்து 1, 7, 14-ஆம் நாட்களில் மறுபடி அளக்க வேண்டும். தூளின் உண்மையான பலன் தெரிவது இங்கேதான்: வெறும் படலம் பத்து மடங்கு இறங்கும்போது கலவைப் படலம் இரண்டு மடங்கோடு நின்றால், தூள் படிகமாவதைத் தாமதப்படுத்துகிறது என்று பொருள்.

80 டிகிரி எண்ணை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு படலத்திலும் படிகம் இல்லை. படிகத்தைத் தடுப்பதால் மட்டும் லாபம் வந்ததென்றால் 80-இல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட வேண்டும். அங்கேயும் ஐந்து மடங்கு வித்தியாசம் நின்றால் மேற்பரப்பு வேதியியலைப் பற்றி எழுதுவதற்கு முன் எஃப்.டி.ஐ.ஆரையும் கார்ல் ஃபிஷர் நீர் அளவீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூடாக்கி உருகும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி.யிலும் இதே வகைத் தவறு நடக்கிறது. உருகும் வெப்பத்தை முழுப் படலத்தின் எடைக்கு வகுத்தால் தூள் கூடக்கூடப் படிகத்தன்மை குறைவதாகத்தான் தெரியும்; பாலிமரின் பங்கு குறைகிறது, அவ்வளவே. மேலே சொன்ன 1.513 கிராமில் பி.இ.ஓ. 66 சதவீதம், அதைக் கொண்டு வகுக்க வேண்டும். பழைய படலத்தின் நிலை முதல் சூடேற்றத்தில் மட்டுமே தெரியும், இரண்டாவது சூடேற்றத்துக்குள் அது அழிந்துவிட்டிருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் பாலிவினைல் ஆல்கஹால், கைட்டோசான் போன்றவற்றில் உப்பு கலந்து, திறந்த அறையில் காயவைத்து அளக்கும் வேலை நிறைய நடக்கிறது. சென்னை, காரைக்குடி ஈரப்பதத்தில் அந்தப் படலங்களுக்குள் எப்போதும் நீர் இருக்கும். தவறில்லை, புரோட்டான் கடத்தலுக்கு அதுவே தேவையாகவும் இருக்கலாம். ஆனால் ஈரப்பதத்தை எழுதாமல் கடத்துத்திறனை மட்டும் எழுதினால் டிசம்பரில் வந்த எண் மே மாதத்தில் வராது.

பெயர்வு எண்

மொத்தக் கடத்துத்திறனில் லித்தியத்தின் பங்கு, அதாவது பெயர்வு எண், பி.இ.ஓ.வில் 0.2 சுற்றுவட்டாரம்தான், மீதி எதிரயனி ஓடுவது. லித்தியம் மின்முனைகளுக்கு நடுவே 10 மில்லிவோல்ட் கொடுத்து மின்னோட்டம் நிலைபெறும்வரை காத்திருந்து அளக்கும் புரூஸ்-வின்சென்ட் முறையில், இடைமுகத் தடையைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். படலத் தடை 20 ஓம், இடைமுகம் 60 ஓம் என்றால் தொடக்க மின்னோட்டம் 0.125 மில்லியாம்பியர். நிலைபெற்றபின் 0.069, அப்போது இடைமுகம் 65 ஓம். நேராக வகுத்தால் 0.55! திருத்தம் செய்தால், 0.069×(10−7.5) என்பதை 0.125×(10−4.5)-ஆல் வகுக்க, 0.25. இதழ்களில் உலாவும் 0.5, 0.6 எண்கள் சிலவற்றின் பூர்வீகம் இதுதான் என்பது என் ஊகம். தொடக்க மின்னோட்டத்தைக் கருவி பிடிப்பதற்குள் அது விழத் தொடங்கிவிடும். அதனால் மின்னழுத்தத்தை இம்பிடன்ஸின் மொத்தத் தடையால் வகுத்து எடுப்பதே நம்பகமானது.

நிலைப்பு: இரண்டு பக்கமும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனையில் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி "5 வோல்ட் வரை நிலைப்பு" என்று எழுதுவது மிகச் சுலபம். வழுவழுப்பான உலோகத்தின் பரப்பு மிகக் குறைவு, பி.இ.ஓ. ஆக்சிஜனேற்றமும் மந்தமான வினை. ஆகவே சிறு மின்னோட்டம் வரைபடத்தின் அடியில் மறைந்துவிடும். உண்மையான நேர்மின்முனையில் இருக்கும் கார்பனை, அதே பாலிமரோடு கலந்து அலுமினியத் தாளில் பூசி, அதில் 3.6 வோல்ட் முதல் 0.1 வோல்ட் படிகளாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் பத்து மணி நேரம் கசிவு மின்னோட்டத்தைப் பாருங்கள். 4 வோல்ட்டை ஒட்டியே கசிவு எழத் தொடங்குவது தெரியும். கார்னெட் தூள் இந்த எல்லையைப் பெரிதாக நகர்த்தாது, ஏனென்றால் கார்பனைத் தொட்டுக்கொண்டிருப்பது பாலிமர்தான்.

லித்தியப் பக்கத்தில், சமச்சீர் செல்லில் (இரண்டு பக்கமும் லித்தியம்) 0.1 மில்லியாம்பியர்/ச.செ.மீ., ஒரு மணி இந்தப் பக்கம், ஒரு மணி அந்தப் பக்கம் என்று ஆயிரம் மணி ஓட்டுவது வழக்கம். ஒரு மில்லியாம்பியர்-மணி/ச.செ.மீ. என்பது 4.85 மைக்ரான் லித்தியம். அப்படியானால் அந்த ஆயிரம் மணியும் நகர்ந்தது அரை மைக்ரான்தான், திரும்பத் திரும்ப. பயன்படும் மின்கலத்தில் 15 மைக்ரான் நகர வேண்டும். 1 மில்லியாம்பியர்-மணிக்குக் குறையாமல் ஓட்டினால்தான் ஏதாவது தெரியும்.

மென்மையான குறுக்குச்சுற்றைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படலமும் இடைமுகமும் சேர்ந்து 80 ஓம், மின்னோட்டம் 0.2 மில்லியாம்பியர் என்றால் குறைந்தது 16 மில்லிவோல்ட் தெரிய வேண்டும். 3 மில்லிவோல்ட்டில் அழகான சதுர அலை ஆயிரம் மணி நேரம் ஓடினால் அது நிலைப்பு அல்ல, லித்தியம் நூல் எப்போதோ மறுபக்கத்தைத் தொட்டுவிட்டது. தூள் கலப்பதால் வரும் வலு நூலை நிறுத்தும் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. மன்ரோ, நியூமன் இருவரின் கணக்குப்படி நூலை நிறுத்தப் படலத்துக்கு லித்தியத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சறுக்கு மீள்மை (பக்கவாட்டில் நெளியாமல் எதிர்க்கும் விறைப்பு) வேண்டும், அது ஜிகாபாஸ்கல் அளவு. உருகிய பி.இ.ஓ. அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

வலுவுக்குக் குறுக்குப் பிணைப்பு தூளைவிட நம்பகமானது. பி.இ.ஓ. எடைக்கு 5 சதவீதம் பென்சோஃபீனோன் சேர்த்து, படலத்தை உருகுநிலைக்கு மேலே வைத்திருக்கும்போது புற ஊதா ஒளி இரண்டு பக்கமும் சில நிமிடம் காட்டினால் சங்கிலிகள் உருகிய நிலையிலேயே முடிச்சுப்போட்டுக்கொள்ளும். பிறகு குளிர்ந்தாலும் படிகமாவது குறையும், 80 டிகிரியில் பிதுங்குவதும் நிற்கும். ஒரு துண்டை அசிட்டோநைட்ரைலில் ஒரு நாள் ஊறவைத்து, கரையாமல் மிஞ்சியதை உலர்த்தி எடை பார்த்தால் எவ்வளவு பிணைந்தது என்று தெரியும். உப்பின் எடை கரைந்து போகும் என்பதைக் கழிக்க மறக்காதீர்கள். வினைபுரியாமல் மிஞ்சிய பென்சோஃபீனோன் லித்தியத்தோடு வினைபுரியும், எனவே தாராளமாகப் போடக்கூடாது. தடிமனான கலவைப் படலத்தில் தூள் ஒளியைச் சிதறடிப்பதால் நடுப்பகுதி பிணையாமல் போகலாம்.

அறை வெப்பநிலை எண்தான் வேண்டுமென்றால் சிறிய பாலிஈதர், 500 மூலக்கூறு எடையுள்ள டைமெத்தில் ஈதர் வகை, 20 முதல் 30 சதவீதம் குறுக்குப் பிணைத்த படலத்தில் சேர்ப்பது எந்தத் தூளையும்விட அதிகம் தரும். சக்சினோநைட்ரைல் இன்னும் அதிகம் தரும், ஆனால் லித்தியத்தோடு ஒத்துப்போகாது. நடுவில் ஒரு காப்பு அடுக்கு இல்லாமல் அதை நேராக வைப்பது வீண்.

முழுச் செல்

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) நேர்மின்முனையில் 65 சதவீதம் எல்.எஃப்.பி., 10 சதவீதம் கார்பன், 25 சதவீதம் பி.இ.ஓ.-உப்பு. இங்கே பி.வி.டி.எஃப். மட்டும் பிணைப்பானாகப் போட்டால் மின்முனையின் துளைகளுக்குள் அயனி போக வழியில்லை. திரவ மின்பகுளிக்கான மின்முனையை அப்படியே எடுத்துவைத்துக் கொள்ளளவு பாதிதான் வருகிறது என்று திகைப்பவர்களின் பிரச்சினை இதுவே. செல்லைக் கட்டியபின் 60 டிகிரியில் இரவு முழுதும் வைத்துப் படலம் மின்முனைக்குள் நன்றாக ஒட்டட்டும். பிறகு பத்து மணி நேர வேகத்தில் 2.5 முதல் 3.8 வோல்ட் வரை; கிராமுக்கு 150 மில்லியாம்பியர்-மணிக்கு மேல் வர வேண்டும். நிக்கல் மிகுந்த மின்முனையும் 4.3 வோல்ட்டும் இந்தப் படலத்துக்கு அல்ல.

சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் 3.5 பக்கம் சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டே 3.8-ஐத் தொடாமல் போய்க்கொண்டிருந்தால் லித்தியம் நூல்கள் தொட்டுத் தொட்டு உருகுகின்றன. அத்தகைய செல்கள் நிரலில் மின்னழுத்த எல்லை மட்டும் வைத்திருந்தால் வார இறுதி முழுதும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். ஆகவே கொள்ளளவுக்கும் ஓர் எல்லை, எதிர்பார்த்ததில் 120 சதவீதம் என்று, தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.